இன்றைக்கு வழிக்காவல் இல்லை

2021 மே 3ஆம் தேதி. நவி மும்பை தலோஜா மத்திய சிறையில் இருந்த ஹனி பாபுவுக்கு இடது கண் வீங்கியது. பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வலி தாங்க முடியவில்லை. இதற்கான வசதி இங்கே கிடையாது, வெளியே கண் மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும் என்று சிறை மருத்துவரே சொல்லிவிட்டார். ஆனாலும் அழைத்துப்போகவில்லை. கூட அனுப்பப் போலீஸ் இல்லையாம். வழக்கறிஞர் சிறைக் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிய பிறகு, மே 7 அன்று வாஷி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே மருந்து கொடுத்து, இரண்டு நாளில் மறுபடி வரச் சொன்னார்கள். இரண்டு நாளும் ஆயிற்று. வழிக்காவலுக்கு ஆள் இல்லை. வீக்கம் கன்னத்துக்கும் காதுக்கும் நெற்றிக்கும் பரவியது; அந்தக் கண்ணில் பார்வை அநேகமாகப் போய்விட்டது. சிறையில் தண்ணீருக்கு வேறு பஞ்சம். கண்ணைக் கழுவ நல்ல தண்ணீர் கிடைக்காமல் அழுக்குத் துண்டை வைத்து ஒற்றிக்கொண்டிருக்கிறார் என்று மனைவியும் சகோதரர்களும் அறிக்கை விட்டார்கள். கொரோனா இரண்டாம் அலையின் பின்னாலேயே கருப்புப் பூஞ்சையும் வந்து நாடெங்கும் கண்களைப் பறித்துக்கொண்டிருந்த மாதம் அது.

ஹனி பாபு கேரளக்காரர், டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் தொடரப்பட்ட பீமா கோரேகான் வழக்கில் 2020 ஜூலை 28 அன்று கைதானார். அதற்கு முன்பு அவர் ஈடுபட்டிருந்த காரியங்களில் ஒன்று, நாக்பூர் சிறையில் இருந்த சக பேராசிரியர் ஜி.என்.சாய்பாபாவின் விடுதலைக்கான குழுவில் வேலை செய்தது. சக்கர நாற்காலியில் இருக்கும் மனிதருக்குச் சிறையில் வைத்தியம் கிடைக்கவில்லை என்று ஊர் ஊராகச் சொன்ன குழு அது. அடுத்து அவருக்கே ஒரு கண் மருத்துவரைக் கேட்டு வெளியே இருப்பவர்கள் அறிக்கை விட வேண்டியதாயிற்று.

சிறையில் இருக்கும் பத்திரிகையாளர்களுக்கும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களுக்கும் மருத்துவம் மறுக்கப்படுகிறது என்று சொன்னால், யாரோ ஓர் அதிகாரி முடியாது என்று சொல்லிக் கதவைச் சாத்துவது போன்ற காட்சி மனதில் வரும். வழக்குக் கட்டுகளைப் புரட்டினால் அப்படி ஓர் ஆளே அகப்பட மாட்டார். இன்ன கைதிக்குச் சிகிச்சை கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட உத்தரவு எதுவும் கிடையாது. இன்றைக்குப் போலீஸ் இல்லை. அனுமதி மேலிடத்திலிருந்து வரவில்லை. பதில் மனுவுக்கு அவகாசம் வேண்டும். அடுத்த வாய்தா இந்தத் தேதிக்கு. இவ்வளவுதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் சொல்லலாம். எல்லாம் சேர்ந்து ஒரு மனிதரைத் தீர்த்துவிடும்.

வழிக்காவலையே எடுத்துக்கொள்வோம். கைதியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது சிறைத்துறையின் கையில் மட்டும் இல்லை. துணைக்குப் போகிற போலீஸ் மாவட்டக் காவல் துறையிலிருந்து வர வேண்டும். தேர்தல், திருவிழா, மந்திரி வருகை என்று பந்தோபஸ்து வந்துவிட்டால் கைதியின் ஸ்கேன் தேதி தானாகத் தள்ளிப்போகும். கோர்ட்டுக்காவது வீடியோ வந்துவிட்டது. கண்ணை வீடியோவில் அறுவை செய்ய முடியாது.

சரி, ஆளே இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். நம்மூர் வாசகருக்கு இதற்குப் பதில் தெரியும். கைதானவுடன் நெஞ்சுவலி வந்த அரசியல்வாதிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்! நள்ளிரவு இரண்டு மணிக்கும் அவர்களுக்கு ஆம்புலன்ஸ் வந்தது, வழிக்காவல் வந்தது, ஐ.சி.யூ.வில் படுக்கை வந்தது. சிறை நோயாளி என்றாலே நாடகம் என்று பொதுஜனம் நினைப்பதற்கு அந்த நெஞ்சுவலிகள்தான் பெரிய காரணம். அவர்கள் ஊட்டி வளர்த்த அந்த அவநம்பிக்கைக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

விரகாலூர்க்காரரின் குவளை

ஸ்டேன் சுவாமி திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937இல் பிறந்தவர். இயேசு சபைத் துறவி. வாழ்க்கையின் பெரும்பகுதியை ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு கழித்தார். ராஞ்சியில் ‘பகைச்சா’ என்ற மையத்தை நடத்தினார். நக்சலைட் என்று பிடிக்கப்பட்டு வருடக்கணக்கில் விசாரணைக் கைதிகளாகக் கிடந்த ஆதிவாசி இளைஞர்களைப் பற்றி ஆய்வு செய்தார். அவர்களுக்காக உயர் நீதிமன்றம் போனார். 2020 அக்டோபர் 8 இரவு, அதே பீமா கோரேகான் வழக்கில், தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) அவரைப் பகைச்சாவிலேயே கைது செய்தது. மறுநாள் தலோஜா. வயது 83. நடுக்குவாத நோய் இருந்ததால் தண்ணீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடிக்க முடியாது.

நவம்பர் 6 அன்று அவர் ஒரு மனுப் போட்டார். கைதின்போது தன்னிடமிருந்த ஸ்ட்ராவையும் சிப்பரையும் திருப்பித் தர வேண்டும். பதில் சொல்ல என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. கிடைத்தது. 26ஆம் தேதி வந்தது: அந்தப் பொருட்களை நாங்கள் எடுக்கவே இல்லை என்றது என்.ஐ.ஏ. அப்படியானால் சிறை நிர்வாகம் பதில் சொல்லட்டும் என்று வழக்கு டிசம்பர் 4க்குப் போனது. இதற்குள் செய்தி பரவி, முன்பின் தெரியாதவர்களெல்லாம் தலோஜா முகவரிக்கு சிப்பர் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பெரியவர் அப்போது ஒரு கடிதத்தில் எழுதியது இது: சிறை மருத்துவமனை மூலமாக, குழந்தைகள் குடிக்கிற குவளை ஒன்றை வாங்கித் தற்சமயம் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

உறிஞ்சுகுழலுக்கு 20 நாள் அவகாசம் தேவைப்படுவதை எந்தச் சட்டப் புத்தகத்தைக் கொண்டும் விளக்க முடியாது. ஆனால் ஒன்று புரிகிறது. குழலைக் கொடுத்துவிட்டால், இவர் குழல் இல்லாமல் குடிக்க முடியாதவர் என்பதை ஒப்புக்கொண்டதாகும். அதை ஒப்புக்கொண்டால் அடுத்து பிணை மனுவில் என்ன சொல்வது? 2021 ஜூனில், அவர் மருத்துவமனையில் கிடந்தபோதும், நோய்களுக்குத் தீர்மானமான ஆதாரம் இல்லை என்றுதான் என்.ஐ.ஏ. உயர் நீதிமன்றத்தில் சொன்னது.

2021 மே 21 அன்று சிறையிலிருந்து வீடியோ வழியாக பம்பாய் உயர் நீதிமன்றத்தில் அவரே பேசினார். இங்கே வந்தபோது நடந்தேன், குளித்தேன், கொஞ்சம் எழுதவும் செய்தேன். இப்போது ஒருவர் ஊட்டிவிட வேண்டியிருக்கிறது என்றார். ஜே.ஜே. மருத்துவமனைக்குப் போகிறீர்களா என்று நீதிபதிகள் கேட்டார்கள். வேண்டாம் என்றார். அங்கே போய்வந்து பார்த்தாகிவிட்டது, எதுவும் மாறவில்லை. இப்படியே போனால் இங்கேயே இறந்துவிடுவேன், அதைவிட ராஞ்சியில் என் மக்களோடு இருக்க விடுங்கள் என்றார். ஒரு வாரம் கழித்து, மே 28 அன்று, பாந்த்ரா ஹோலி ஃபேமிலி மருத்துவமனைக்கு மாற்ற உத்தரவு வந்தது. அங்கே பரிசோதித்ததும் கொரோனா என்று தெரிந்தது. ஜூலை 5 அன்று அவருடைய பிணை மனு விசாரணைக்கு வந்தபோது, மருத்துவமனையின் மருத்துவர் நீதிபதிகளிடம் ஒரு தகவல் சொல்ல வேண்டியிருந்தது: பகல் 1.24 மணிக்கு இறந்துவிட்டார்.

அவருடைய சமூகப் பணியின் மேல் மரியாதை இருப்பதாக அந்த அமர்வின் நீதிபதி எஸ்.எஸ்.ஷிண்டே திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். என்.ஐ.ஏ. தரப்பு ஆட்சேபித்தது. சில நாள் கழித்து நீதிபதி அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். இங்கே தருமபுரி மாவட்டத்தில் ஒருவர் தன் சொந்த நிலத்தில் ஸ்டேன் சுவாமி படத்தோடு ஒரு கல்தூண் வைக்கப் போனபோது, நல்லம்பள்ளி வட்டாட்சியர் நோட்டீஸ் அனுப்பித் தடுத்தார். அந்த நோட்டீஸை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஸ்டேன் சுவாமியின் கணினியில் இருந்ததாகச் சொல்லப்பட்ட ஆவணங்கள் வெளியிலிருந்து ஊடுருவி வைக்கப்பட்டவை என்று அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடயவியல் நிறுவனம் அறிக்கை தந்தது 2022 டிசம்பரில். அப்போது அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

கண்ணாடி, சங்கிலி

அதே தலோஜாவில், ஸ்டேன் சுவாமி குழலுக்குக் காத்திருந்த அதே நவம்பர் மாதத்தில், கௌதம் நவ்லகாவின் மூக்குக் கண்ணாடி திருட்டுப்போனது. அதே வழக்கில் கைதான நவ்லகா பத்திரிகையாளர், பல பத்தாண்டுகளாக ஜனநாயக உரிமை இயக்கத்தில் இருப்பவர். கண்ணாடி இல்லாவிட்டால் அநேகமாகக் குருடர். வீட்டார் புதுக் கண்ணாடி செய்து அஞ்சலில் அனுப்பினார்கள். சிறை அதை வாங்க மறுத்துத் திருப்பிவிட்டது. டிசம்பர் 8 அன்று வேறொரு வழக்குக்கு நடுவில் நீதிபதி ஷிண்டேயே இதைக் குறிப்பிட்டு, சிறை அதிகாரிகளுக்கு ஒரு பயிலரங்கு நடத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்றார். இந்தச் சின்ன விஷயத்தையுமா மறுப்பது என்று அவர் கேட்டதில் இருந்த எரிச்சல் நியாயமானது. பிறகு அதே சிறை, பி.ஜி.வோட்ஹவுஸ் எழுதிய நகைச்சுவைப் புத்தகம் ஒன்றைப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று நவ்லகாவிடம் கொடுக்காமல் நிறுத்திய கதையும் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பயிலரங்கு நடந்ததா என்று கேட்காதீர்கள்.

சித்திக் காப்பன் மலையாளப் பத்திரிகையாளர். ஹாத்ரஸில் தலித் பெண் ஒருவருக்கு நேர்ந்த கொடுமையைப் பற்றிச் செய்தி எடுக்கப் போகும் வழியில் 2020 அக்டோபர் 5 அன்று மதுராவில் கைது செய்யப்பட்டார். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் (உபா) பாய்ந்தது. சர்க்கரை நோயாளி. 2021 ஏப்ரலில் சிறையில் கொரோனா வந்து மதுராவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கட்டிலோடு சங்கிலியால் பிணைத்திருக்கிறார்கள், சாப்பிட முடியவில்லை, நான்கு நாளாகக் கழிப்பறைக்குப் போகவிடவில்லை என்று அவர் மனைவி இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதினார். உத்தரப் பிரதேச அரசு மறுத்தது. ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் அவரை டெல்லி மருத்துவமனைக்கு மாற்றச் சொன்னது. எய்ம்ஸுக்குப் போனவரைச் சில நாளிலேயே வீட்டாருக்குச் சொல்லாமல் மதுராவுக்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்கள். உச்ச நீதிமன்றப் பிணை கிடைத்தது 2022 செப்டம்பரில். வெளியே வந்தது 2023 பிப்ரவரி 2 அன்று.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் இல்லை. ஈரானில் கவிஞரும் ஆவணப்பட இயக்குநருமான பக்தாஷ் அப்தின் மருத்துவமனைக் கட்டிலில் விலங்கோடு கிடந்த புகைப்படம் 2021இல் வெளியானது. தெஹ்ரான் எவின் சிறையில் கொரோனா தொற்றி, தாமதமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டு, 2022 ஜனவரி 8 அன்று இறந்தார். கிர்கிஸ்தானில் அஸிம்ஜான் அஸ்காரோவ் பத்திரிகையாளர், மனித உரிமையாளர் இரண்டுமாக இருந்தவர். ஆயுள் தண்டனை பெற்ற அவரை விடுவிக்கச் சொல்லி ஐ.நா. மனித உரிமைக் குழு 2016இலேயே கூறியிருந்தது. 2020 ஜூலை 25 அன்று சிறையிலேயே இறந்தார். அங்கேயும் யாரும் வைத்தியத்தை எழுத்தில் மறுத்ததாகத் தெரியவில்லை.

கைதிகளே செவிலியர்

பீமா கோரேகான் வழக்கின் இன்னொரு கைதியான தெலுங்குக் கவிஞர் வரவர ராவ் 2020 ஜூலையில் தலோஜாவிலிருந்து வீட்டுக்கு ஃபோன் பேசினார். எப்போதோ நடந்து முடிந்த தன் அப்பா, அம்மா ஈமச்சடங்குகளை இப்போது நடப்பது போல் பேசிக்கொண்டே போனார். பக்கத்திலிருந்த சக கைதி ஃபோனை வாங்கி, இவரால் நடக்க முடியவில்லை, பல் துலக்கவும் முடியவில்லை என்று சொன்னார். வீட்டார் பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்ன பிறகு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கே சிறுநீரில் நனைந்த படுக்கையில் அவரைப் பார்த்ததாகக் குடும்பத்தினர் கூறினார்கள். கொரோனாவும் இருந்தது. வயது 79.

அந்த ஃபோனைப் பிடித்துப் பேசிய கைதிதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானவராகத் தெரிகிறார். ஸ்டேன் சுவாமியின் கடிதங்களிலும் இதே ஆட்கள் வருகிறார்கள். அருண் ஃபெரேரா காலையும் மதியமும் சாப்பிட உதவுகிறார், வெர்னன் கோன்சால்வஸ் குளிப்பாட்டுகிறார். அறையில் இருக்கும் மற்ற இருவர், மிக ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், இரவு உணவுக்கு உதவி, துணி துவைத்து, முழங்காலைப் பிடித்துவிடுகிறார்கள் என்று எழுதினார். அந்த இருவரையும் நினைவில் வைத்துக்கொள்ளும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். நம் சிறைகளில் முதியவர்களுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் கிடைக்கிற பராமரிப்பில் பெரும்பங்கு இதுதான். அரசு செய்ய வேண்டிய வேலையைக் கைதிகள் பார்க்கிறார்கள். அதைக் காட்டி, இவர் நன்றாகக் கவனித்துக்கொள்ளப்படுகிறார் என்று அரசு நீதிமன்றத்தில் அறிக்கை தருகிறது.

இரண்டு சட்டங்கள், ஒரு வரி

ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் (2015) 27ஆம் விதி ஒரு கைதிக்கு என்ன மருத்துவம் வேண்டும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், மருத்துவர் அல்லாத சிறை அதிகாரி அதை மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது. ஹனி பாபுவை வாஷி மருத்துவர் இரண்டு நாளில் வரச் சொன்னதை வழிக்காவல் பட்டியல் புறக்கணித்ததே, அதைத்தான் இந்த விதி தடுக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1996இல் ராமமூர்த்தி வழக்கில் சிறைகளின் பெரிய குறைகளைப் பட்டியல் போட்டபோது ஆரோக்கியத்தைக் கவனிக்காமல் விடுவதை அதில் சேர்த்தது. சொல்வதற்குப் பஞ்சம் இல்லை.

பிணைச் சட்டத்துக்கு வருவோம். சாதாரணக் குற்ற வழக்கில், கொலைக் குற்றச்சாட்டே ஆனாலும், நோயாளி அல்லது உடல் தளர்ந்தவர் என்றால் பிணை கொடுக்கலாம் என்று நடைமுறைச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. கோடிகளைச் சுருட்டியவர்கள் மேல் பாயும் பணமோசடித் தடுப்புச் சட்டம் பிணை விஷயத்தில் எவ்வளவு கறாரானது என்பது ஊரறிந்தது. அதன் 45ஆவது பிரிவிலும் பெண்களுக்கும், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், நோயாளிகளுக்கும் ஒரு விலக்கு வரி உண்டு. உபா சட்டத்தின் 43-டி (5) பிரிவில் அந்த வரி இல்லை. குற்றச்சாட்டு மேலோட்டத்தில் உண்மை போலத் தோன்றினால் பிணை கிடையாது, முடிந்தது. நோயாளி, கிழவர், சக்கர நாற்காலிக்காரர் என்பதெல்லாம் விசாரணை நீதிமன்றத்தில் எடுபடாது. அரசியல் சட்டம் கொடுத்த அதிகாரத்தைக் கொண்டு உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ இரங்கினால்தான் உண்டு. வரவர ராவுக்கு 2021 பிப்ரவரியில் அப்படித்தான் ஆறு மாத மருத்துவப் பிணை கிடைத்தது. நிரந்தரமாக ஆனது 2022 ஆகஸ்டில். நாட்டின் பணத்தைத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் சட்டம் கவனிக்கிறது. எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் உள்ளே போனவருக்கு வந்தால் கவனிக்காது. இதை மாற்றப் பெரிய ஆணையம் எதுவும் வேண்டாம். பக்கத்துச் சட்டத்தில் இருக்கிற ஒரு வரியை இங்கே எடுத்து ஒட்ட நாடாளுமன்றத்துக்கு ஒரு மதியப் பொழுது போதும். 43-டி (5) செல்லாது என்று அறிவிக்கக் கோரி, இறப்பதற்குச் சில நாள் முன்பு ஸ்டேன் சுவாமியும் ஒரு மனுத் தாக்கல் செய்திருந்தார்.

வெளியே ஏழைக்கே ஜி.ஹெச்.சில் படுக்கை இல்லை, இவர்களுக்கு என்ன ராஜ வைத்தியம் என்று சிலர் கேட்பது உண்டு. வெளியே இருக்கிற ஏழை கடன் வாங்கியாவது வேறு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறலாம். கைதியின் கால் அரசின் கையில் இருக்கிறது. காலைப் பிடித்து வைத்திருப்பவன்தான் ஆஸ்பத்திரிக்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

சாய்பாபா, பாண்டு நரோட்டே

சாய்பாபா ஐந்து வயதில் போலியோ தாக்கியவர். 90 சதவீத ஊனம். 2014 மே மாதம் கைது, 2017இல் கட்சிரோலி நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை, நாக்பூர் சிறையின் தனிமைக் கொட்டடி. இடது கை கைதின்போது இழுத்ததில் கெட்டுப்போனது என்றும், உள்ளே போகும்போது போலியோ தவிர வேறு நோயில்லாதவன் இதயம், கணையம், பித்தப்பை எல்லாம் பழுதாகித் திரும்பியிருக்கிறேன் என்றும் விடுதலையான பின் டெல்லியில் பேசினார். அம்மா சாகக் கிடந்தபோதும் செத்தபோதும் பரோல் கிடைக்கவில்லை. 2022 அக்டோபர் 14 அன்று உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை விடுதலை செய்தது. மறுநாள் சனிக்கிழமை; விடுமுறை நாளில் உச்ச நீதிமன்றம் கூடி அதை நிறுத்தி வைத்தது. கைதியின் ஸ்கேனுக்கு ஆள் கிடைக்காத நாட்டில் சனிக்கிழமை நீதிமன்றத்துக்கு ஆள் கிடைத்தது. 2024 மார்ச் 5 அன்று மறுபடி விடுதலைத் தீர்ப்பு. வெளியே அவருக்கு மிஞ்சியது ஏழு மாதம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பித்தப்பை அறுவைக்குப் பின் வந்த சிக்கல்களால் அக்டோபர் 12 அன்று இறந்தார். வயது 57.

சாய்பாபாவோடு தண்டனை பெற்றவர் பாண்டு நரோட்டே. கட்சிரோலிக் காட்டுப் பகுதி ஆதிவாசி. அவருக்காக சிப்பர் அனுப்ப யாரும் இல்லை. அவர் கவிஞரும் இல்லை, பேராசிரியரும் இல்லை. 2022 ஆகஸ்டில் நாக்பூர் சிறையில் பன்றிக் காய்ச்சல் வந்தது. நிலைமை முற்றிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்று அவர் வழக்கறிஞர் குற்றம் சாட்டினார். ஆகஸ்ட் 25 அன்று இறந்தார். வயது 33. அந்த முதல் விடுதலைத் தீர்ப்பு வர இன்னும் ஐம்பது நாள் இருந்தது. தீர்ப்பு அவரையும் விடுதலை செய்தது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் 2022ஆம் ஆண்டுக்கு 1,995 சிறை மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 1,773 மரணங்கள் இயற்கையானவை என்ற தலைப்பில் வருகின்றன. நோயால் இறப்பதும் மூப்பால் இறப்பதும் அங்கே இயற்கை. எத்தனை பேருக்கு மருத்துவர் தேதி கொடுத்தார், எத்தனை தேதி வழிக்காவல் இல்லாமல் போனது என்று அந்த அட்டவணையில் ஒரு பத்தி கிடையாது. காப்பகம் அதைச் சேர்க்கலாம். சிறைகளின் பதிவேட்டில் அந்தத் தேதிகள் இருக்கத்தான் வேண்டும். நோயோடு உள்ளே கிடக்கும் 33 வயது ஆதிவாசியைப் பற்றி இவ்வளவு நாள் நமக்கு எழுதிச் சொன்னவர்கள் நவ்லகாவும் ஸ்டேன் சுவாமியும் ஹனி பாபுவும் போன்றவர்கள். அவர்களை உள்ளே வைத்தபின் அந்தச் செய்தி வெளியே வருவது அருகிவிட்டது. பத்திரிகையாளருக்கும் உரிமைச் செயற்பாட்டாளருக்கும் கிடைக்காத வைத்தியத்தைத் தனியாக எடுத்துப் பேச வேண்டியதன் காரணம் எனக்குத் தெரிந்து இதுதான். அவர்களுடைய உயிர் மற்றவர் உயிரைவிட ஒசத்தி என்பதால் அல்ல.

பீமா கோரேகான் வழக்கில் கைதான இளையவர்களில் ஒருவர் மகேஷ் ராவுத். கட்சிரோலியில் காட்டு உரிமைக்காக வேலை செய்தவர். 2018 ஜூனில் கைது. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் பிணை கொடுத்தது. என்.ஐ.ஏ. மேல்முறையீடு செய்யட்டும் என்று உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. நிறுத்தம் நீண்டுகொண்டே போனது. இடையில் மூட்டுகளைத் தின்னும் முடக்குவாதம் வந்தது. பிணைத் தீர்ப்பைக் கையில் வைத்திருந்த மனிதர் வைத்தியத்துக்காக இன்னொரு பிணை கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 2025 செப்டம்பர் 16 அன்று கொடுத்தார்கள், முதலில் ஆறு வாரத்துக்கு.